கரண்ட் போனா எங்க வீட்டுல லேப்டாப்தான் டிவி

2013ல மாரியம்மன் நோம்பிக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வந்த அன்னைக்கு ராத்திரி வழக்கம்போல கரண்ட் போச்சு. வாசல்ல கயித்துக் கட்டில்ல எங்க ஐயன் உட்கார்ந்திருக்கார், எதிர்ல முக்காலி, முக்காலி மேல மகளோட லேப்டாப். அதுல செய்தி ஓடிக்கிட்டிருக்கு. மாப்பிள்ளை பார்த்துட்டு அசந்துட்டான்.

"ஏனுங் மாமா, வீட்டுக்கு நெட் வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்லீங்களே?"

"நெட்டெல்லாம் இல்ல மாப்ள."

"அப்பறம் எப்படிங்க டிவி வருது?"

நான் மொட்டை மாடியைக் கையைக் காட்டினேன். இருட்டுல பழைய அலுமினிய ஆன்டெனா நிழலாத் தெரிஞ்சுது. அங்கிருந்து ஒரு வயர் இறங்கி சன்னல் வழியா வந்து, லேப்டாப் பக்கத்துல செருகியிருக்கிற கட்டைவிரல் அளவு குச்சியில முடியுது. அவன் குனிஞ்சு அந்தக் குச்சியைப் பார்த்தான், ஆன்டெனாவைப் பார்த்தான், கடைசியா லேப்டாப் மூடியில இருக்கிற அரசாங்க முத்திரையைப் பார்த்தான். சிரிச்சான்.

"புள்ளைக படிக்கறதுக்குக் கொடுத்த லேப்டாப்புல அப்பச்சி டிவி பார்க்கறாரா? எங்க ஆபீசுல இதைத்தானுங் மாமா பேசிக்குவாங்க. இலவசமாக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்னு."

அவன் கெட்ட பையன் இல்லை. மனசுல இருக்கிறதை மறைக்காமச் சொன்னான், அவ்வளவுதான். ஆனா அந்த வார்த்தை எனக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. அன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சொல்ல விட்டதையும், சொல்லத் தெரியாம முழிச்சதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல எங்க நிலவரம். நாங்க இருக்கிறது தாராபுரத்துக்குக் கிழக்கே. வானாந்தரக் காடும் கிணத்துப் பாசனமுமா இருக்கிற ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி. காத்தாலை மின்சாரம் தமிழ்நாட்டுல இருந்து எங்கெங்கேயோ போகுதுன்னு பேப்பர்ல போடறாங்க. எங்க தோட்டத்து வேலியை ஒட்டியே ரெண்டு காத்தாடி சுத்துது. அதோட நிழல் எங்க வாசல்ல விழுது, கரண்ட் மட்டும் விழறதில்லை. 2012 ஐப்பசி, கார்த்திகையில ஒரு மணி நேரம் இருந்தா ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரியும் அப்படித்தான். சென்னையில ரெண்டு மணி நேரம் போனதுக்கே நீங்க எல்லாம் என்ன பாடு பட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அதனால விலாவாரியா எழுதலை. அடுத்த ஆனி மாசக் காத்துப் புண்ணியத்துல கொஞ்சம் பரவாயில்லாம இருந்துச்சு. காத்து நின்னா மறுபடியும் என்னாகும்னு அப்பத்தான் தெரியும்.

எங்க வீட்டுல ரெண்டு அரசாங்கப் பொருள் இருக்கு. ஒரு ஆட்சி 14 அங்குலக் கலர் டிவி கொடுத்துச்சு. அடுத்த ஆட்சி மகளுக்கு லேப்டாப் கொடுத்துச்சு. ரெண்டுக்கும் வேண்டிய கரண்டை மட்டும் யாரும் கொடுக்கலை. டிவிக்குக் கரண்ட் போன நொடியே உயிர் போயிரும். லேப்டாப்புக்கு வயித்துல கொஞ்சம் கட்டுச்சோறு இருக்கும், ரெண்டு மணி நேரம் தாங்கும். அதனால அந்த டிவியை இந்த லேப்டாப்புக்குள்ளே புகுத்தினோம். நாங்க செஞ்ச குத்தம் இவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. அப்போ பேட்டரியோட சேர்த்து பதினஞ்சாயிரத்துக்குக் குறையாம ஆச்சு. அதைச் சார்ஜ் ஏத்தறதுக்கும் கரண்ட் வேணும். அந்தப் பணத்துக்கு நான் சொட்டு நீர்க் குழாய் மாத்திக்குவேன்.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு, அதுவும் இந்த வயசுப் பசங்களுக்கு, லேப்டாப்புல படம் தெரியணும்னா நெட் வேணும்னு மனசுல பதிஞ்சு போச்சு. நெட்டுக்கும் டிவிக்கும் சம்பந்தமே இல்லை. டிவி பெட்டிக்குள்ள தீப்பெட்டி மாதிரி ஒரு தகர டப்பா இருக்கும், டியூனர்னு சொல்லுவாங்க. காத்துல வர்ற அலையில நமக்கு வேண்டியதை மட்டும் பிரிச்சு எடுக்கிறது அதுதான். லேப்டாப்புல திரை இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, பேட்டரி இருக்கு, இல்லாதது அந்த டப்பா ஒண்ணுதான். அதையே குச்சியாப் பண்ணி யுஎஸ்பி ஓட்டையில செருகற மாதிரி வித்தாங்க. அப்போ ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கூடவே ஒரு சிடி, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு ரிமோட், இழுத்து நீட்டற சின்ன ஆன்டெனா ஒண்ணு, மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் கொண்டை ஒண்ணு. அந்தச் சின்ன ஆன்டெனா எங்க ஊருக்கு ஒண்ணுக்கும் ஆகாது, கொசு அடிக்கலாம்.

வாங்கிட்டு வந்த முதல் நாள் ஒண்ணுமே வரலை. மொத்தமும் புள்ளி புள்ளியா ஈசல் பறக்குது. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நான் கத்திக்கிட்டிருந்தேன். மகள்தான் பொறுமையா ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு, "அப்பா, இதுல கேபிள்னு இருக்குது, ஆன்டெனான்னு மாத்தோணும்"னு ஒரு இடத்துல தொட்டா. நாடு எதுன்னு கேட்டதுக்கு இந்தியான்னு கொடுத்தா. மறுபடி தேடச் சொன்னா. கோடு கோடா வந்து, அப்பறம் முகம் தெரிஞ்சுது. ஆன்டெனாவைத் தெக்கே கொடைக்கானல் மலைப் பக்கம் பிடிச்சு, நான் மாடியில நின்னு திருப்ப, அவ கீழே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும், போயிருச்சு, திரும்பி வாங்க"ன்னு கத்தினா. முப்பது வயசு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. இந்த வேலையைக் கடைசியா நான் எங்க ஐயனுக்காகச் செஞ்சது என் கல்யாணத்துக்கு முன்னாடி.

கொடைக்கானல் டவரைப் பத்தி இளவட்டங்களுக்குத் தெரியாது. மலை உச்சியில தூர்தர்ஷன் டவர் வந்தப்பறம்தான் எங்க பக்கமெல்லாம் படம் தெளிவாத் தெரிஞ்சுது. சென்னையில 1975லயே தூர்தர்ஷன் வந்துருச்சு, ஆனா அது எங்க ஊருக்கு வந்து சேர வருஷக்கணக்காச்சு. தெக்குச் சீமையில கடலோரத்து ஊர்க்காரங்க அந்தக் காலத்துல இலங்கை ரூபவாஹினிக்கு ஆன்டெனாவைத் திருப்பி வெச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. காலையில மேகம் இல்லாத நாள்ல எங்க களத்துல நின்னா அந்த மலை நீலமாத் தெரியும். கண்ணுக்குத் தெரியற மலையிலிருந்து வந்த அலை, நடுவுல தடுக்க ஒண்ணும் இல்லை. அதுக்கு மாசச் சந்தா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது.

கேபிள் என்னாச்சுன்னா, இருக்கு. அப்போ மாசம் எழுபது ரூபாய்தான். ஆனா கரண்ட் போச்சுன்னா கம்பத்துல இருக்கிற அவங்க ஆம்ப்ளிஃபையரும் போயிரும். ஊர்ல நாலு ஆம்ப்ளிஃபையர் தாண்டித்தான் எங்க தோட்டத்துக்கு வயர் வருது. அதுல ஒண்ணு அணைஞ்சாலும் எங்களுக்குப் படம் இல்லை. கேபிள்காரர் பாவம், எத்தனை இடத்துக்கு டீசல் ஊத்துவார்?

நெட்டையும் சொல்லிடறேன். சாமக்கோழி கூவற நேரத்துல தோட்டத்து மேட்டுல நின்னா ரெண்டு புள்ளி சிக்னல் கிடைக்கும், அதுல இந்தப் பக்கத்தை எழுதி ஏத்திடுவேன். எழுத்து ஏறும், படம் ஏறாது. வீடியோ போட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், செக்குமாடு மாதிரி. தப்பித் தவறி ஓடினாலும் மாசத்துக்கு வாங்கற ஒரு ஜிபி மூணு நாலு ராத்திரிச் செய்திக்கே தீர்ந்திடும். அதுவும் கரண்ட் போயி ரொம்ப நேரமாச்சுன்னா செல்போன் டவரும் படுத்துக்கும். எந்த நேரத்துல செய்தி வேணுமோ அந்த நேரத்துலதான் நெட் இருக்காது.

அப்படி என்ன பெரிய செய்தி வேண்டிக் கிடக்குன்னு மாப்பிள்ளை நேராக் கேக்கலை, முகத்துல கேட்டான். போன ஐப்பசிக் கதையை அவனுக்குச் சொன்னேன்.

ரெண்டு ஏக்கர் கடலை பிடுங்கிக் காட்டுலயே கொடியோட காயப் போட்டிருந்தோம். வெயில் நல்லா அடிச்சுது. இன்னும் ரெண்டு நாள் காயட்டும், அப்பறம் காய் ஆயலாம்னு இருந்தோம். ஆளும் கிடைக்கலை. அக்டோபர் 29ந்தேதி ராத்திரி கரண்ட் இல்லாத நேரம், இதே முக்காலியில செய்தி ஓடுது. வங்காள விரிகுடாவுல தாழ்வு மண்டலம், தமிழ்நாட்டுக் கரையைப் பார்த்து வருதுன்னு சொன்னாங்க. ஐயன் கட்டில்ல இருந்து எந்திரிச்சு வெளியே போயி வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும், "நாளைக்கு விடியறதுக்குள்ள ஆளைக் கூப்பிடு, கொடியை வாரிக் கொட்டாயில போடோணும்"னார். பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் போயிச் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் வீட்டுல இருந்த அத்தனை பேரும், மகள் உள்பட, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு வாரினோம். அன்னைக்குத்தான் அதுக்கு நீலம் புயல்னு பேர் வெச்சாங்க. 31ந்தேதி சாயங்காலம் மகாபலிபுரத்துக்கிட்ட கரை கடந்துச்சு. எங்க ஊர்ல பெருமழை எல்லாம் இல்லை, தூறல்தான், ரெண்டு நாள் நசநசன்னு. கடலைக்கு அந்தத் தூறல் போதும். கொடி புழுங்கி, தொலி கறுத்து, வியாபாரி கையில அள்ளிப் பார்த்துட்டுப் பாதி விலை கேப்பான். எங்களுக்கு அந்த வருஷம் வந்த ஒரே வெள்ளாமைக் காசு அந்தக் கடலைதான். அதுக்கப்பறம் மழை மொத்தமா ஏமாத்திருச்சு.

இதைக் கேட்டுட்டு மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். நான் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. கதையை அங்கேயே நிறுத்தியிருந்தா எனக்கு நல்ல பேர்தான். ஆனா உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தா. அதனால மீதியையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

புயல் செய்தி பார்த்ததோட நிறுத்தியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. ருசி கண்ட பூனையாயிட்டோம். தினமும் ராத்திரி கரண்ட் போனதும் முக்காலி வாசலுக்கு வந்துரும். செய்தி முடிஞ்சா வயலும் வாழ்வும். அது இல்லைன்னா பழைய படம். கொடைக்கானல் டவர்ல தமிழ் கொஞ்ச நேரம்தான், மீதி நேரம் இந்தி, அதையும் உட்கார்ந்து பார்த்தோம், ஒரு எழுத்துப் புரியாம. பக்கத்துத் தோட்டத்துல இருந்து ரெண்டு பேர் வருவாங்க. வீட்டுக்காரி கடலை வறுத்துக் கொண்டாந்து வெப்பா. அந்தக் காலத்துப் பஞ்சாயத்து டிவி ரூம் திரும்பி வந்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

தை மாசம் ஒரு ராத்திரி. பன்னெண்டாவது செய்முறைத் தேர்வு நெருங்குது. மகளுக்கு வேண்டிய பாடமெல்லாம் அந்த லேப்டாப்புலதான் இருந்துச்சு. மேல் வகுப்பு அக்கா ஒருத்தர் பென் டிரைவ்ல கொடுத்த குறிப்பு, பழைய கேள்வித்தாள் எல்லாமே. எங்க படம் முடிஞ்சு லேப்டாப்பைக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கித் திறந்தா. அஞ்சு நிமிசத்துல அணைஞ்சு போச்சு. கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரம். அவ கத்தலை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல அந்த அணைஞ்ச திரையையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் சமாதானமா என்னமோ சொல்லப் போனேன்.

"அப்பா, இது உங்க டிவி இல்லீங்க. என் பேர் எழுதி, என்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்தது."

அவ்வளவுதான் சொன்னா. என் மகள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திருப்பிப் பேச எனக்கு வாய் வரலை. மாப்பிள்ளையோட ஆபீசுல பேசிக்கிறது தப்புன்னு நான் ஆயிரம் சொல்லலாம். ஆனா அன்னைக்கு ராத்திரி அவங்க பேசினது எங்க வீட்டுல நடந்துச்சுங்கறது நிஜம். லேப்டாப்புல டிவி பார்த்தது தப்பில்லை. யாரோடதுன்னு மறந்துட்டுப் பார்த்தது தப்பு. ரெண்டும் வேற வேற, ஆனா தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும்.

மறுநாள்ல இருந்து ஒரு ஏற்பாடு. அவ படிச்சு முடிச்சு அவளா எடுத்து வெச்சாத்தான் முக்காலிக்கு வரும். பாதி பேட்டரிக்குக் கீழே போச்சுன்னா தொடக் கூடாது. எங்க ஐயன்தான் இந்தச் சட்டத்தை எல்லாரையும் விடக் கறாராக் கடைப்பிடிச்சார். செய்தி ஓடும்போதே, "கண்ணு, உன்ர பேட்டரி எத்தனை இருக்குது பாரு"ன்னு கூப்பிட்டுக் கேப்பார்.

ஆனா எனக்கு மனசு கேக்கலை. எப்படியாவது லேப்டாப் பேட்டரியைத் தொடாம இதை ஓட்டணும்னு யோசிச்சேன். டிராக்டர் பேட்டரியில இருந்து வண்டி இன்வெர்ட்டர்னு சின்னதா ஒண்ணு விக்கிறாங்களே, அதை மாட்டி லேப்டாப்புக்கு சார்ஜ் போட்டேன். நல்லாத்தான் ஏறிச்சு. மகள் ராத்திரி படிச்சா, நாங்களும் படம் பார்த்தோம், கழட்டி வைக்க மறந்துட்டேன். விடிகாலையில உழவுக்கு வந்து கூப்பிடறாங்க, டிராக்டர் செல்ஃப் எடுக்கலை. "என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டவங்ககிட்ட உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாலு பேர் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம்.

அப்பறம் கண்டுபிடிச்சதுதான் உருப்படியான வேலை. மாசச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் டிஷ் ஒண்ணு இருக்கே, அப்போ டிடி டைரக்ட் பிளஸ்னு பேர், 2004லிருந்து வருது. ஒரே ஒரு தடவை டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் காசு கொடுத்தாப் போதும், அப்பறம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். அதுல ஆன்டெனாவை விட நாலு சேனல் கூட வந்துச்சு, பொதிகை முழு நாளும் வந்துச்சு. எங்க பெட்டியோட அடாப்டர்ல 12 வோல்ட்னு எழுதியிருந்துச்சு. நம்ம மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் இருக்கே, அதுக்குள்ள இருக்கிறதும் 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர் பேட்டரிதான். ஸ்பிரேயர் மூடியைக் கழட்டி, பிளஸ் மைனஸ் பார்த்து வயர் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தேன். டிஷ் மூக்குல இருக்கிற எல்என்பிக்கும் அந்தப் பெட்டியே கரண்ட் அனுப்பிடும். பெட்டியில இருந்து மஞ்சள் வயர் நம்ம குச்சிக்கு, குச்சி லேப்டாப்புக்கு. கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, நெட் இல்லை, வானத்துல இருக்கிற செயற்கைக்கோளோட நேரா உறவு. அஞ்சாறு மணி நேரம் தாராளமாத் தாங்கும். மாப்பிள்ளைக்கு இதைக் காட்டினப்போதான் ஆளு நிஜமா வாயைப் பிளந்தான். பூச்சி மருந்து வாசனையோட செய்தி பார்த்த முதல் ஆள் நீங்கதானுங் மாமான்னான்.

யாராவது ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு இதைச் செஞ்சு கொடுக்கணும்னு நினைச்சா ஒண்ணு கவனிங்க. எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் இல்லை. சிலதுல சுவர்ல இருக்கிற 230 வோல்ட் நேரா உள்ளே போகும், அதுல இந்த வேலை ஆகாது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் கொடுத்தா பெட்டி போயிரும். ஸ்பிரேயர் பேட்டரியை அடிவயிறு வரைக்கும் வறட்டினா அடுத்த நாள் மருந்தடிக்க முடியாது, ஆயுசும் குறையும். எங்க லேப்டாப் பேட்டரிக்கு ஆயுசு குறைஞ்சே போச்சு. வாங்கினப்போ ரெண்டு மணி நேரம், இப்போ அம்பது நிமிசம். கரண்ட் ஒரு மணிக்கொரு தரம் வந்து வந்து போனா எந்தப் பேட்டரிதான் தாங்கும்?

இப்போ என் கருத்து. இத்தனையும் எழுதினது இதுக்காகத்தான்.

நெட் வளரட்டும், நான் வேண்டாங்கலை, நானே அதுலதான் எழுதறேன். ஆனா எல்லாத்தையும் நெட்டுக்குள்ள கொண்டு போயிட்டு, காத்துல சும்மா வர்றதை மூடிடலாம்ங்கற பேச்சு அப்போ அங்கங்கே கேட்டுச்சு. ஆன்டெனா பழசு, எவன் பார்க்கிறான்கறாங்க. நெட்டுங்கறது வாய்க்கால் தண்ணி மாதிரி. மடையைத் தொறக்கற ஆள் வேணும், முறை வேணும், கடைமடைக்கு வந்து சேரும்போது கசிவுதான் மிச்சம். பத்து பேர் ஒரே நேரத்துல எடுத்தா பத்தா பிரியும். டவர்ல இருந்தும் வானத்துல இருந்தும் வர்ற அலை மழை மாதிரி. பத்து பேர் நனைஞ்சாலும் பத்தாயிரம் பேர் நனைஞ்சாலும் குறையாது. புயல் வருதுன்னு சொல்றதுக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.

அந்த அலை நம்ம எல்லாருக்கும் சொந்தம்னு சுப்ரீம் கோர்ட்டே 1995ல கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல சொல்லியிருக்கு. சொந்தம்தான், ஆனா அதைப் பிடிக்கிற டப்பா நம்ம கையில இருக்கிற கருவியில இல்லையே? செல்போன்ல எஃப்எம் ரேடியோ வெச்சுக் கொடுக்கத் தெரியுது. லேப்டாப்புல டிவி குச்சியை உள்ளேயே வெச்சுக் கொடுத்தா என்ன கெட்டுப் போச்சு? லட்சக்கணக்கான பசங்களுக்கு லேப்டாப் கொடுத்த அரசாங்கம், மொத்தமா வாங்கினா அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற அந்தக் குச்சியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் பன்னெண்டாவது பாடத்தை நல்ல வாத்தியாரை வெச்சு ஒளிபரப்பலாம். அந்தக் குச்சியில பதிவு பண்ற வசதி இருக்கு, பொத்தானை அமுக்கினா லேப்டாப்புலயே பதிஞ்சுக்கும். கணக்கு வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வேணுங்கறப்போ நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்துக்கும். நெட்டுக்கு ஒத்தைக் காசு வேண்டாம்.

இது ஏதோ நான் கனாக் கண்டு சொல்றதில்லை. 1975 ஆகஸ்ட்ல இருந்து 1976 ஜூலை வரைக்கும் ஒரு வருஷம் இந்த நாட்டுலயே செஞ்சு பார்த்திருக்காங்க. சைட்னு பேர். அமெரிக்காக்காரன் செயற்கைக்கோள் ஏடிஎஸ்-6ஐ இரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2400 கிராமத்துக்கு நேரா டிவி கொடுத்தாங்க. தமிழ்நாடு அந்த ஆறுல இல்லை, பக்கத்துல ஆந்திராவும் கர்நாடகமும் இருந்துச்சு. பகல்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் விவசாயம், சுகாதாரம். டிஷ் எதுல செஞ்சாங்க தெரியுமா? கோழிக்கூண்டு அடிக்கிற கம்பி வலையில. பத்தடி அகலத்துக்குக் கம்பி வலையை வளைச்சுக் கட்டிப் பிடிச்சிருக்காங்க. கரண்ட் எட்டாத ஊர்களுக்குப் பேட்டரியில ஓடற பெட்டியும் கொடுத்திருக்காங்க. படிச்சப்போ எனக்கு என் ஸ்பிரேயர்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் காலத்துல கோழி வலையில முடிஞ்சது, இன்னைக்கு இத்தனை வசதியில முடியாதா? கல்விக்குன்னே 2004ல எஜுசாட்னு ஒரு செயற்கைக்கோளும் விட்டாங்க. வானத்துல போனதெல்லாம் சரி, கடைசி முழம் வயர்தான் எங்க வீட்டு வாசலுக்கு வரலை.

மாப்பிள்ளை இதுக்கு ஒரு பதில் சொன்னான். இன்னும் அஞ்சு வருஷத்துல நெட் உங்க தோட்டத்துக்கே வந்துரும் மாமா, அப்போ இந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுருவீங்கன்னான். வரும். வரட்டும். ஆனா எங்க ஊருக்கு எது வந்தாலும் கரண்ட்டை நம்பித்தான் வரும், கரண்ட் என்னைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ள கேஸ் அடுப்பு வந்து வருஷக்கணக்காச்சு. விறகு அடுப்பை யாரும் இடிச்சுப் போடலை.

மகள் நல்ல மார்க் வாங்கிட்டா. கோயமுத்தூர்ல காலேஜ், அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போறா. லேப்டாப்பும் அவளோட போகுது. "அப்பாரு செய்தி பார்க்கோணும், இங்கயே இருக்கட்டுங்"னு ஒரு பேச்சுக்குச் சொன்னா. ஐயனுக்கு எழுபத்தெட்டு வயசு, கண்ணுல புரை எடுத்ததுக்கப்பறம் பேப்பர் எழுத்துப் படிக்க முடியறதில்லை, கிட்ட உட்கார்ந்து பார்க்கிற அந்தத் திரை ஒண்ணுதான் அவருக்கு. "உன்ர பேர் எழுதிக் கொடுத்ததை நான் வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பண்றது, எடுத்துட்டுப் போ"ன்னுட்டார். அன்னைக்கு ராத்திரி அவ சொன்னது அவருக்கும் காதுல விழுந்திருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

குச்சியை எடுத்துப் பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். ஆன்டெனாவைக் கழட்டலை. கோயமுத்தூர்ல பழைய லேப்டாப் அஞ்சாயிரத்துக்கு இருக்குன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணினார். கலர் கறுப்பு, மூலையில கொஞ்சம் கீறல், மத்தபடி நல்லா இருக்குன்னார். பேட்டரி எத்தனை நேரம் நிக்குதுன்னு கேட்டேன். பார்த்துச் சொல்றேன்னிருக்கார்.